சமநிலையில் நிற்கும் கூரை

நுழையும்முன்

கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் மரபுச்சின்னங்கள் என்று சொன்னால் எவரும் ஐயுறுவதில்லை. நூறாண்டுகூட நிறையாத ஒரு கட்டடத்தை, அதுவும் குதிரைப் பந்தயம் காண்பதற்காகக் கற்காரையில் எழுப்பிய பார்வையாளர் மாடத்தை, அவ்வரிசையில் வைக்கலாமா? இவ்வினாவுக்கு விருப்பு வெறுப்பின்றி விடைகாணும் முறையை, ஸ்பெயின் நாட்டுக் கட்டடம் ஒன்றன் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

இடிந்த கட்டடமும் மூடிய திடலும்

1999ஆம் ஆண்டு ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் ஒரு கட்டடம் இடிக்கப்பட்டது. மிகெல் ஃபிசாக் என்னும் கட்டடக்கலைஞர், ஒரு மருந்து ஆய்வகத்துக்காக 1960களில் வடிவமைத்தது அது. ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி அடுக்கிய சதுரத் தளங்களைப்போல் தோன்றியதால் மக்கள் அதனைப் ‘பகோடா’ என்று அழைத்தனர். அக்கட்டடம் மிகப் பழமையானதன்று. சட்டப் பாதுகாப்பும் அதற்கு இல்லை. எனவே இடிப்பது எளிதாயிற்று. இடித்த பின்னரே, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் அரியதொரு சான்றை நகரம் இழந்துவிட்டது என்ற குரல் வலுத்தது. இழந்ததை மீட்க வழியில்லை.

அதே ஆண்டுகளில் அதே நகரின் வடமேற்கு எல்லையில் வேறொரு கட்டடத் தொகுதி பயன்பாடின்றிக் கிடந்தது. அது சர்சுவேலா குதிரைப் பந்தயத் திடலின் பார்வையாளர் மாடம். 1996ஆம் ஆண்டு அங்குப் பந்தயங்கள் நின்றுபோயின. ஆளில்லாத படிவரிசைகளின்மேல், பறவை விரித்த இறகுபோன்ற மெல்லிய கற்காரைக் கூரை மட்டும் நீண்டிருந்தது. பகோடாவுக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாமா, கூடாதா என்னும் வினாவுக்கு உணர்ச்சியால் விடை சொல்லிவிட முடியாது. ஒரு கட்டடத்தைக் காக்கவேண்டும் என்பவர் ஏன் காக்கவேண்டும் என்பதைச் சான்றுகளுடன் நிறுவக் கடமைப்பட்டவர். அவ்வாறு நிறுவும் முறையே மரபுச்சிறப்பு மதிப்பீடு எனப்படும்.

திடல் தோன்றிய வரலாறு

எந்த மதிப்பீட்டுக்கும் முதற்படி, மதிப்பிடப்படும் பொருளை முழுமையாக அறிந்துகொள்வது. மாட்ரிட் நகரின் பழைய பந்தயத் திடல் காஸ்டெல்லானா என்னும் பெருவீதியின் முனையில் இருந்தது. நகரம் வடக்கு நோக்கி வளர்ந்தபோது அவ்விடத்தில் அரசு அமைச்சகக் கட்டடங்களை எழுப்ப முடிவாயிற்று. 1933ஆம் ஆண்டு பழைய திடல் அகற்றப்பட்டது. ஸ்பெயினில் அப்போது மன்னராட்சி நீங்கி, 1931இல் தொடங்கிய குடியரசு ஆட்சி நடந்துகொண்டிருந்தது. புதிய திடலுக்கான இடம், முன்னர் அரச குடும்பத்துக்குரியதாய் இருந்த எல் பார்தோ காட்டுப்பகுதியின் அருகில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1934ஆம் ஆண்டு வடிவமைப்புப் போட்டி நடத்தப்பட்டது. கார்லோஸ் ஆர்னிச்சஸ், மார்ட்டின் டொமிங்கெஸ் என்னும் கட்டடக்கலைஞர் இருவரும், எடுவார்டோ டொரோஹா என்னும் பொறியாளரும் இணைந்து அளித்த வடிவமைப்பு வென்றது. 1935ஆம் ஆண்டு பணி தொடங்கியது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. மாட்ரிட் முற்றுகையின்போது போர்முனை இத்திடலின் அண்மையிலேயே அமைந்தது. எறிகணைகள் புதிய கூரையைப் பல இடங்களில் துளைத்தன. எனினும் கூரை சரிந்து விழவில்லை. போர் முடிந்தபின் பழுதுகள் சீர்செய்யப்பட்டு, 1941ஆம் ஆண்டு திடல் திறக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் ஆட்சி மாறியிருந்தது. குடியரசு வீழ்ந்து ஃபிராங்கோவின் வல்லாட்சி ஏற்பட்டிருந்தது. வடிவமைத்தவருள் ஒருவரான டொமிங்கெஸ் நாட்டைவிட்டு வெளியேறி, கியூபாவின் ஹவானா நகரில் தொழிலைத் தொடர்ந்தார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், தாயகம் மீளாமலே 1970இல் மறைந்தார். தாம் வரைந்த மாடத்தில் மக்கள் அமர்ந்து பந்தயம் கண்ட காலத்தில், வரைந்தவர் கடல்கடந்த நாட்டில் வாழ்ந்தார். இச்செய்தியும் அக்கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே.

கூரையின் நுட்பம்

பார்வையாளர் மாடம் ஒன்றுக்கு இரண்டு தேவைகள் உண்டு. வெயிலும் மழையும் படாமல் மேலே கூரை வேண்டும். ஓடுகளத்தை மறைக்கும் தூண்கள் முன்னே இருத்தல் கூடாது. முன்புறம் தூணில்லை எனில் கூரை பின்புறத்திலிருந்தே நீண்டு வரவேண்டும். ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை வெளியே நீளும் இத்தகைய உறுப்பைப் பொறியாளர் ‘கான்டிலீவர்’ என்பர். தமிழில் இதனை ‘நெடுங்கை’ என வழங்குவர்.

சர்சுவேலாவின் கூரை, தாங்கும் தூணிலிருந்து ஓடுகளத்தை நோக்கி ஏறத்தாழ 12.8 மீட்டர் நீள்கிறது. அதன் தடிமனோ வெளிவிளிம்பில் சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே. தூணின் அருகில் வரும்போது சுமார் 14 சென்டிமீட்டராகப் பருக்கிறது. இத்துணை மெல்லிய பரப்பு வளைந்து தொங்கிவிடாமல் நிற்பதற்குக் காரணம் அதன் வடிவம். ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் அதன் முனை தொங்கும். சற்றே வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். அதுபோல, இக்கூரை அடுத்தடுத்த வளைவுகளின் வரிசையாக அமைந்துள்ளது. ஒவ்வொரு வளைவும் அதிபரவளையத்தைச் சுழற்றுவதால் கிடைக்கும் வளைபரப்பின் ஒரு பகுதி. கணிதப் பாடத்தில் தாளில் வரையப்படும் கோடு இங்குக் கூரையாக நிற்கிறது. இவ்வகை மெல்லிய வளைபரப்பைக் கட்டுமானத் துறையில் ‘மெல்லோடு’ என்பர். முட்டையோட்டின் உறுதிக்கும் அதன் வளைவே காரணம்.

வடிவம் கூரையை விறைப்பாக நிறுத்துகிறது. ஆனால், முன்னோக்கி நீண்ட கூரை தன் எடையால் முன்பக்கமாகக் கவிழாமல் தடுப்பது எது? இவ்விடத்தில்தான் டொரோஹாவின் நுட்பம் வெளிப்படுகிறது. கூரை தூணோடு முடிந்துவிடாமல் அதன் பின்புறமும் சிறிது நீள்கிறது. அப்பின்பகுதியிலிருந்து மெல்லிய இழுதண்டு ஒன்று செங்குத்தாகக் கீழிறங்குகிறது. மாடத்தின் அடியில் பந்தயப் பணம் கட்டும் கூடம் இருக்கிறது. இழுதண்டின் கீழ்முனை அக்கூடத்தின் கூரையோடு பிணைக்கப்பட்டுள்ளது. மேற்கூரை முன்னே கவிழ முயலும்போது அதன் பின்பகுதி மேலெழ முயலும். இழுதண்டும் கூடத்தின் எடையும் அதனைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கிணற்று ஏற்றத்தின் துலாமரத்தில் ஒருபுறம் தொங்கும் சாலுக்கு மறுபுறம் கட்டிய கல் ஈடுகொடுப்பதை ஒத்தது இவ்வமைப்பு. ஆக, கூரை, தூண், இழுதண்டு, கீழ்க்கூடம் என்னும் நான்கும் சேர்ந்து ஒரே துலாக்கோலாக இயங்குகின்றன.

கணினி இல்லாத அக்காலத்தில் இத்தகைய வளைபரப்பின் வலிமையைக் கணக்கால் மட்டும் உறுதிசெய்வது அரிதாக இருந்தது. ஆகவே கூரையின் ஒரு பகுதியை முழு அளவிலேயே மாதிரியாகக் கட்டி, அது முறியும்வரை சுமையேற்றிச் சோதித்தனர். பட்டறிவும் கணிதமும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே கட்டுமானம் நடந்தது.

தெரிந்து தெளிவோம்

எடுவார்டோ டொரோஹா 1899ஆம் ஆண்டு மாட்ரிட்டில் பிறந்தார். கற்காரை மெல்லோட்டுக் கட்டுமானத்தின் முன்னோடிகளுள் ஒருவர். ஸ்பெயினின் தென்முனையிலுள்ள அல்ஹெசிராஸ் நகரச் சந்தைக்கு அவர் அமைத்த கவிமாடம் ஏறத்தாழ 48 மீட்டர் விட்டமுடையது. உள்ளே ஒரு தூணும் இல்லை. மெல்லோட்டுக் கட்டுமானங்களுக்கான பன்னாட்டுக் கழகத்தை 1959ஆம் ஆண்டு மாட்ரிட்டில் நிறுவினார். 1961ஆம் ஆண்டு மறைந்தார்.

மரபுச்சிறப்பு என்பது யாது?

பழமையே மரபு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1964ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான கொள்கை ஆவணம் ஒன்றை உருவாக்கினர். பெருங்கலைப் படைப்புகளோடு, காலப்போக்கில் பண்பாட்டுச் சிறப்புப் பெற்ற எளிய கட்டடங்களும் காக்கத்தக்கன என்று அது கூறியது. 1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய வல்லுநர்கள், பர்ரா என்னும் பழைய சுரங்க நகரில் மற்றோர் ஆவணத்தை ஏற்றனர். ‘பர்ரா சாசனம்’ எனப்படும் அது, ஓரிடத்தின் சிறப்பை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம் முதலிய மதிப்புகளாகப் பகுத்து ஆராயும் வழியைக் காட்டியது. முதலில் சிறப்பை அறிக. பிறகே செய்வது யாதெனத் தீர்மானிக்க என்பது அதன் அடிப்படை.

இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடங்கள் வேகமாக அழிந்துவருவதை உணர்ந்தோர், 1988ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் ‘டோகோமோமோ’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். நவீனக் கட்டடங்களை ஆவணப்படுத்துவதும் காப்பதும் அதன் பணி. 2011ஆம் ஆண்டு, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலை மரபைக் காப்பதற்கெனத் தனி வழிகாட்டு ஆவணம் ஒன்று உருவாயிற்று. அது ஏற்கப்பட்ட நகரம் மாட்ரிட் என்பது குறிப்பிடத்தக்கது.

துலாக்கோலின் ஒரு தட்டு

இம்முறைப்படி சர்சுவேலா மாடத்தை மதிப்பிடுவோர் சில வினாக்களை வரிசையாக எழுப்பவேண்டும்.

முதலாவது, வரலாற்று மதிப்பு. இக்கட்டடம் எதற்குச் சான்றாக நிற்கிறது? குடியரசுக் காலத்தில் திட்டமிடப்பட்டு, போரில் காயம்பட்டு, வல்லாட்சிக் காலத்தில் திறக்கப்பட்டது இது. ஒரு நாட்டின் பத்தாண்டுக்காலக் கொந்தளிப்பு ஒரே கட்டடத்தில் பதிந்துள்ளது. வடிவமைத்தவரின் புலம்பெயர்வும் அதனோடு சேர்ந்தது.

இரண்டாவது, அறிவியல் நுட்ப மதிப்பு. கட்டுமான அறிவில் இது புதியதொரு படியைக் குறிக்கிறதா? மெல்லோடு, நெடுங்கை, இழுதண்டு ஆகிய மூன்றையும் ஒரே சமநிலைக்குள் கொணர்ந்த இவ்வமைப்பு உலகெங்கும் பொறியியல் மாணவர்களால் இன்றும் ஆராயப்படுகிறது. முழு அளவு மாதிரியை முறித்துப் பார்த்த சோதனையும் இதன் அறிவியல் மதிப்பை உயர்த்துகிறது.

மூன்றாவது, அழகியல் மதிப்பு. இங்கு அழகு பூசப்பட்ட ஒப்பனை அன்று. கூரையில் சிற்பமோ வண்ணமோ இல்லை. விசை செல்லும் வழியே வடிவமாகியிருக்கிறது. நவீனக் கட்டடக்கலை வலியுறுத்திய கருத்து, உரையாக அன்றிக் கட்டடமாகவே இங்கு நிறுவப்பட்டுள்ளது.

நான்காவது, சமூக மதிப்பு. தலைமுறைகளாக மாட்ரிட் மக்கள் விடுமுறை நாளில் கூடிய இடம் இது. குதிரையோட்டிகள், பயிற்றுநர்கள், இலாயப் பணியாளர்கள் எனப் பலரின் வாழ்க்கை இத்திடலைச் சார்ந்திருந்தது. பந்தயங்கள் நின்றபோது அவர்கள் இழந்தது பிழைப்பை. நகரம் இழந்தது தன் கூடுமிடங்களுள் ஒன்றை.

ஐந்தாவது, அருமை. ஒன்று அரியதா என்பதை ஒப்பிட்டே அறியமுடியும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர விளையாட்டரங்கில் பியர் லூயிஜி நெர்வி என்னும் பொறியாளர் 1930களின் தொடக்கத்திலேயே முன்புறத் தூணில்லாத கற்காரைக் கூரையை அமைத்தார். ஆகவே, முன்புறத் தூணின்மையைக் காட்டி சர்சுவேலாவே முதன்மையானது என உரிமைகோர இயலாது. ஆயின் நெர்வியின் கூரையைத் தாங்குவன வளைந்த விட்டங்கள். சர்சுவேலாவில் விட்டங்கள் இல்லை. கூரையின் வளைபரப்பே தன்னைத் தாங்கிக்கொள்கிறது. டொரோஹாவின் மற்றொரு புகழ்பெற்ற படைப்பு, மாட்ரிட்டில் பெலோட்டா என்னும் பந்தாட்டத்துக்காக 1935இல் எழுந்த ரெகோலேட்டோஸ் அரங்கு. அதன் மெல்லோட்டுக் கூரை உள்நாட்டுப் போரில் சிதைந்தது. பின்னர் அக்கட்டடமே இல்லாமற்போயிற்று. உடன்பிறந்தது அழிந்தபின் எஞ்சியதன் அருமை மிகுகிறது.

மறுதட்டில் வைக்கவேண்டியவை

மதிப்பீடு புகழுரையாகிவிடக் கூடாது. ஒரு தட்டில் மட்டும் எடையிட்டுத் துலாக்கோலைப் பார்ப்பவர் நடுநிலையாளர் ஆகார். எனவே எதிர்வாதங்களையும் அவற்றுக்குரிய எடையுடன் மறுதட்டில் வைக்கவேண்டும்.

பந்தயத் திடல் பணம் வைத்து ஆடும் இடம். அதனால் குடும்பங்கள் நலிவுறுவதைச் சுட்டி, இத்தகைய இடத்துக்கு ஏன் சிறப்புச் செய்யவேண்டும் என ஒருவர் கேட்கலாம். இவ்வினா பொருட்படுத்தத் தக்கது. அதற்குரிய விடை, மரபுச்சிறப்பு என்பது நன்னடத்தைச் சான்றிதழ் அன்று என்பதே. போர்க்கோட்டைகள் காக்கப்படுவது போரைப் போற்றுவதற்காக அன்று. சிறைக்கூடங்கள் காக்கப்படுவது அடக்குமுறையைப் போற்றுவதற்காகவும் அன்று. கட்டடத்தைக் காப்பது வேறு, அதில் நடந்த செயலை ஒப்புக்கொள்வது வேறு. எனினும் அச்செயலை மறைத்து எழுதும் மதிப்பீடு நேர்மையானது ஆகாது. தலைவர்களுக்கென நடுவில் தனி மாடமும், ஏனையோருக்கு இருபுறமும் மாடங்களும் அமைந்த ஏற்பாடு, அக்காலச் சமூகப் படிநிலையைக் காட்டுகிறது. அதனையும் பதிவுசெய்வதே முறை.

அடுத்தது, மாற்றங்கள் பற்றிய வாதம். பல்லாண்டுப் பயன்பாட்டில் மாடங்களில் புதிய சுவர்களும் இணைப்புகளும் சேர்ந்தன. தொடக்க வடிவம் மறைந்துவிட்டதால் சிறப்பும் குறைந்துவிட்டது என்று வாதிடலாம். இதற்கு விடையளிக்க, சேர்ந்தவற்றை நீக்கினால் மூலவடிவம் சேதமின்றி வெளிப்படுமா என்று ஆராயவேண்டும். கூரை, தூண், இழுதண்டு, கூடம் ஆகிய முதன்மை உறுப்புகள் எஞ்சியிருந்தமையால் இங்கு விடை ‘ஆம்’ என்பதாகவே அமைந்தது.

மூன்றாவது, செலவு பற்றிய வாதம். பயனற்றுக் கிடக்கும் கட்டடத்தைப் பேணப் பொதுப்பணம் செலவிடலாமா என்பது மக்களின் நியாயமான கேள்வி. செலவு எவ்வளவு என்பது சிறப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. முடிவெடுக்கும் கட்டத்தில்தான் அது கருதப்படும். சிறப்பை மதிப்பிடுவதையும் முடிவெடுப்பதையும் குழப்பிக்கொண்டால், பணமில்லாத ஆண்டில் எக்கட்டடமும் சிறப்பற்றதாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத உறுப்பு

மதிப்பீட்டின் பயன், ‘இது சிறந்தது’ என்ற தீர்ப்போடு முடிவதில்லை. கட்டடத்தின் எந்தப் பகுதி இன்றியமையாதது, எது மாற்றத்தக்கது, எது நீக்கத்தக்கது என்று உறுப்புகளை வரிசைப்படுத்துவதே நடைமுறையில் பெரும்பயன் தருவது.

சர்சுவேலா மாடத்தைக் காணவருவோர் அனைவரும் நிமிர்ந்து பார்ப்பது கூரையை. ஒளிப்படங்களில் இடம்பெறுவதும் கூரையே. அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர், ‘கூரையைக் காப்போம், கீழேயுள்ள பழைய கூடத்தைத் தேவைக்கேற்ப இடித்துக் கட்டிக்கொள்வோம்’ என்று சொல்லக்கூடும். இழுதண்டு நடைவழியில் இடையூறாக நிற்கும் ஒரு கம்பமாகவே அவருக்குத் தோன்றும். ஆயின் கூரையைப் பிடித்து நிறுத்துவது அத்தண்டே. தண்டைப் பிடித்திருப்பது அக்கூடமே. கூடத்தை மாற்றினால் கூரையின் சமநிலை குலையும். கட்டடம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதன் அழகையும் காக்க இயலாது என்பதற்கு இம்மாடம் தெளிவான சான்று.

ஆகவே இம்மாடத்தின் முதல்நிலைச் சிறப்புடைய உறுப்புகளாகக் கூரை, தூண், இழுதண்டு, கூடம் ஆகிய நான்கையும் ஒன்றாகவே குறித்தல் வேண்டும். படிவரிசைகளும் நடைவழிகளும் அடுத்த நிலையின. பிற்காலத்தில் சேர்ந்த தடுப்புச் சுவர்கள் நீக்கத்தக்கன.

கற்காரையின் முதுமை

நவீனக் கட்டடங்களைக் காப்பதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. கருங்கல் பல நூற்றாண்டுகள் நிற்கும். கம்பியிட்ட கற்காரைக்கு அத்துணை ஆயுள் இல்லை. புதிய கற்காரை காரத்தன்மை மிக்கது. அக்காரத்தன்மை உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல மெல்ல உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கம்பியை எட்டியபின் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால், மேலேயுள்ள கற்காரை வெடித்து உதிரும்.

சர்சுவேலாவின் கூரை விளிம்பில் 5 சென்டிமீட்டரே தடிமனுடையது. அதனுள் கம்பிகளை மூடியிருக்கும் கற்காரைப் படலம் மிகமிக மெல்லியது. பாதுகாப்புக்காக மேலே தடித்த பூச்சு ஒன்றை ஏற்றினால் எடை கூடும்; கூரையின் மென்மையும் மறையும். ஒன்றும் செய்யாவிடில் துரு வெல்லும். மென்மையே இக்கட்டடத்தின் சிறப்பு. மென்மையே அதன் நலிவு. சிறப்பு எதில் உள்ளது என்பதை மதிப்பீடு முன்னரே தெளிவுபடுத்தியிருந்தால்தான், பழுதுபார்ப்பவர் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அறிவார்.

சிறப்புரை எழுதுதல்

ஆய்வின் நிறைவில் மதிப்பீட்டாளர் தம் முடிவைச் சுருக்கமான உரையாக எழுதுவர். அது ‘சிறப்புரை’ எனப்படும். அதில் அடைமொழிகள் குறைவாகவும் சான்றுகள் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். சர்சுவேலா மாடத்துக்கான சிறப்புரை பின்வருமாறு அமையலாம்:

‘1934ஆம் ஆண்டுப் போட்டியில் தேர்வாகி, 1935இல் கட்டத் தொடங்கிய இம்மாடம், கம்பியிட்ட கற்காரை மெல்லோட்டை நெடுங்கைக் கூரையாக அமைத்த அரிய முன்மாதிரி. மேற்கூரையின் கவிழ்விசைக்கு இழுதண்டின் வழியே கீழ்க்கூடத்தின் எடை ஈடுகொடுக்கும் அமைப்பு, வடிவமும் பயனும் விசையும் ஒன்றாகியதைக் காட்டுகிறது. உள்நாட்டுப் போரின் அழிவைத் தாங்கி நின்றமையாலும், வடிவமைத்தவரின் புலம்பெயர்வோடு தொடர்புடைமையாலும் வரலாற்று மதிப்புடையது. அதே பொறியாளரின் ரெகோலேட்டோஸ் அரங்கு அழிந்தமையால் இதன் அருமை மிகுந்தது. கூரை, தூண், இழுதண்டு, கூடம் ஆகியவை பிரிக்கவியலா ஒரே தொகுதியாகக் காக்கத்தக்கன.’

இவ்வுரையில் ‘உலகப் புகழ்பெற்ற’, ‘ஈடிணையற்ற’ போன்ற சொற்கள் இல்லை. ஒவ்வொரு கூற்றும் சரிபார்க்கத்தக்கது. மறுக்க விரும்புவோர் மறுப்புக்குச் சான்று காட்டவேண்டும். இதுவே மதிப்பீட்டுக்கும் பாராட்டுக்கும் உள்ள வேறுபாடு.

மீண்டும் ஓடிய குதிரைகள்

சர்சுவேலா மாடம் பகோடாவின் வழியில் செல்லவில்லை. 2005ஆம் ஆண்டு அங்குப் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. மாடங்கள் செப்பனிடப்பட்டன, பிற்கால இணைப்புகள் நீக்கப்பட்டு மூலவடிவம் வெளிக்கொணரப்பட்டது. டொரோஹாவின் பணிகளை விளக்கும் அருங்காட்சியகம் ஒன்றும் திடலிலேயே அமைந்தது. 2009ஆம் ஆண்டு, பண்பாட்டுச் சிறப்புடைய சொத்து என்னும் உயரிய சட்டப் பாதுகாப்பு இக்கட்டடத்துக்கு வழங்கப்பட்டது. கட்டப்பட்ட பயனுக்கே மீண்டும் பயன்படுவதால், பராமரிப்பும் தொடர்கிறது.

பழமை வாய்ந்தவை மட்டுமே மரபு எனக் கொண்டால், ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தைய தலைமுறையின் படைப்புகளை அவை பழமையடையும் முன்பே அழித்துவிடும். நேற்றைய கட்டடங்களுள் எவை நாளைக்குச் சான்றாக நிற்கவேண்டும் என்பதை இன்றே ஆராய்ந்து முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவுக்கு விருப்போ வெறுப்போ துணைசெய்யாது. கட்டடத்தை அறிதல், ஒப்பிடுதல், இருதட்டிலும் எடையிடுதல், சான்றோடு எழுதுதல் ஆகியவையே துணைசெய்யும். ஒரு மெல்லிய கூரையைத் தொண்ணூறு ஆண்டுகளாகத் தாங்கி நிற்பது பார்வைக்கு எளிதில் புலப்படாத ஒரு சமநிலை. அதனைக் கண்டறிந்து சொல்வதே மதிப்பீட்டாளரின் பணி.

அருஞ்சொற்பொருள்

கற்காரை – சிமிட்டி, மணல், சல்லி, நீர் கலந்த கட்டுமானக் கலவை, கான்கிரீட்
நெடுங்கை – ஒருமுனையில் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் உறுப்பு
மெல்லோடு – வளைவினால் உறுதிபெறும் மெல்லிய பரப்பு
இழுதண்டு – இழுவிசையைத் தாங்கும் தண்டு
துலாக்கோல் – தராசு
சால் – கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கலம்
எறிகணை – வெடித்துச் சிதறும் பீரங்கிக் குண்டு
சாசனம் – நெறிமுறைகளை வகுத்துக்கூறும் ஆவணம்

இலக்கணக்குறிப்பு

விருப்பு வெறுப்பு – உம்மைத்தொகை
இழுதண்டு – வினைத்தொகை
மெல்லோடு – பண்புத்தொகை
எழுப்பிய மாடம் – பெயரெச்சத்தொடர்
ஒப்பிடுதல் – தொழிற்பெயர்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்குள் கட்டப்பட்ட பொதுக்கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இப்பாடத்தில் கூறிய ஐந்து மதிப்புகளின் அடிப்படையில் ஆராய்ந்து, ஒரு பக்க அளவில் சிறப்புரை எழுதுக.

2. ‘பயனற்ற கட்டடங்களைக் காக்கப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. இரு தரப்பு வாதங்களையும் தொகுத்து எழுதுக.

3. தட்டையான தாள், வளைத்த தாள் ஆகிய இரண்டன்மீதும் நாணயங்களை வைத்து, எது மிகுந்த சுமையைத் தாங்குகிறது எனக் கண்டறிந்து வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சர்சுவேலா மாடத்தின் மேற்கூரை கவிழாமல் காப்பது
அ) முன்புறத் தூண்கள் ஆ) இழுதண்டும் கீழ்க்கூடத்தின் எடையும் இ) தடித்த விட்டங்கள் ஈ) மேற்பூச்சு

குறுவினா

1. மரபுச்சிறப்பு மதிப்பீடு என்றால் என்ன?
2. ரெகோலேட்டோஸ் அரங்கின் அழிவு சர்சுவேலா மாடத்தின் மதிப்பை எவ்வாறு மிகுவிக்கிறது?

சிறுவினா

1. ‘மென்மையே இக்கட்டடத்தின் சிறப்பு, மென்மையே அதன் நலிவு’ – விளக்குக.
2. ஃபுளோரன்ஸ் விளையாட்டரங்கின் கூரையையும் சர்சுவேலா மாடத்தின் கூரையையும் ஒப்பிடுக.

நெடுவினா

1. மதிப்பீட்டில் எதிர்வாதங்களுக்கும் இடமளிக்க வேண்டியதன் தேவையைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.